வெதுவெதுப்பான களம்

"...நாங்களாத்தான் சாமி களம் போட்டோம். அண்ணன் பேர எதுக்கு இதுல இழுக்கறீங்க? இந்தக் கையப் பாருங்க! எங்கூட்டுக்காரர வெளிய இழுக்கப் போயி எப்பிடி வெந்து கெடக்குதுன்னு பாருங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டே கெம்பம்மா என் வலது கையைப் பிடித்து, கம்பெனி அதிகாரியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் கணவன் முனிராஜுக்குப் பால் ஊற்றிய நாள் அது.

அந்தக் கை அவனை இழுத்தபோது வேகவில்லை. அதற்கு முன்பே வெந்துவிட்டது! தரைக்கு அடியில் நெருப்பு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. முனிராஜ் செத்தது என்னால்.

சொல்லிவிட்டேன்... இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது மூன்று வரியில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம்?

நீங்கள் யாரோ, எந்த ஊரோ. முகம் தெரிந்தவர்களிடம் நான் நிறையப் பேசியவன். பேச்சுதான் என் பிழைப்பு, என் சந்தோஷம், கடைசியில் என் குற்றமும் அதுவே. ஆகவே முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து ஓசூருக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடம் பாதியிலேயே விட்டுப்போயிற்று. பிறகு பஸ் போர்டையும் சுவர் விளம்பரத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் புத்தகம் வரைக்கும் வந்தேன். ஆனால் புத்தகத்தைவிட எனக்குப் பிடித்தது மனிதர்களின் வாய்ப்பேச்சு. ஒருவர் ஒரு வார்த்தையைப் புதிதாகச் சொல்லிவிட்டால் போதும், அதை நாலு நாளைக்கு வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளில் ஓசூரில் நாளுக்கொரு தொழிற்சாலை முளைத்த காலம். நான் சேர்ந்த கம்பெனியில் நிலக்கரி எரிக்கும் பெரிய பாய்லர் ஒன்று இருந்தது. எரிந்த சாம்பலை எங்கே கொட்டுவது? சுற்று வட்டாரத்தில் கல் எடுத்துவிட்டுப் போன பள்ளங்கள் விவசாயிகளின் கொல்லைகளில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. லாரி லாரியாக அதில் சாம்பலைக் கொட்டி, மேலே செம்மண் போட்டு மூடிவிடுவார்கள். மூடியதோடு கம்பெனிக்கு வேலை முடிந்தது. எனக்கு அங்கேதான் வேலை ஆரம்பம்.

மூடிய பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் சுற்றி வருவேன். மழைநீர் மண்ணை அறுத்திருந்தால் அடைப்பேன். விரிசலுக்கு மண் போட்டுத் திமுசுக்கட்டையால் இடிப்பேன். புல் பிடிக்காத இடத்தில் அருகம்புல் பதிப்பேன். கடைசியாகக் கம்பி. முனை கூராக ஆள் உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தேன். அதைத் தரையில் அடித்து இறக்கி, ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் விட்டுவைத்து, உருவி எடுத்து, நுனியைப் புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சாம்பலோடு அரைகுறையாக எரிந்த கரித்துண்டுகளும் போயிருக்கும். விரிசல் வழியாகக் காற்றுப் போனால் அவை உள்ளேயே கனிய ஆரம்பிக்கும். கனிந்த இடம் கரைந்து குகையாகும். மேலே மண் மட்டும் ஓடு மாதிரி நிற்கும்... பார்க்கிறவனுக்கு அது வெறும் தரை.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

முனிராஜின் கொல்லை தளி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அவன் பள்ளத்தைச் சாம்பல் கொட்டக் கேட்டு முதலில் போனவனும் நான்தான். அதிகாரிகள் போனபோது அவன் முகம் கொடுக்கவில்லை. நான் போய் அரைநாள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். "பள்ளம் மூடினா உனக்கு ஒரு காணி தரை சமமாக் கெடைக்கும் தம்பி. உள்ளங்கை மாதிரி இருக்கும். நான் பொறுப்பு" என்றேன்.

நான் பொறுப்பு! எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது...

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கெம்பம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம், அன்பு வந்தால் தமிழ், மாடுகளிடம் மட்டும் தெலுங்கு.

"ஏம்மா, மாட்டுக்கு எதுக்குத் தெலுங்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆந்திராவுல, குப்பம் சந்தையில புடிச்ச மாடு அண்ணா அது. தமிழ்ல சொன்னா என் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கும், உங்க தம்பி மாதிரியே" என்றாள்.

முனிராஜ் சிரித்துக்கொண்டே, "நான் நிக்கறது பயத்துல, மாடு நிக்கறது திமிருல" என்றான்.

இப்படிப்பட்ட வீடு. எனக்கு அங்கே போவது ஆய்வு அல்ல, பண்டிகை. என்னை அண்ணா என்று அவள் கூப்பிடும்போது, கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு உள்ளே ஏதோ இளகும்.

பள்ளத்தை மூடிய அடுத்த குளிர்காலம். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, தை மாதம் விடிந்து வெகுநேரம் ஆனாலும் பனி விலகாது. அந்தக் குளிரில் ஒரு காலை நான் போனபோது, மூடிய தரையின் நடுவில் நாய் சுருண்டு படுத்திருந்தது. சுற்றிலும் புல்லில் பனி முத்து முத்தாக நின்றது. நாய் படுத்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பூமித்தாயிக்குக் காச்சல் அண்ணா" என்றாள் கெம்பம்மா.

"காச்சல் இல்லடி, கம்பெனி நமக்குத் தரையிலயே ஹீட்டர் வச்சிக் குடுத்துக்கிது" என்றான் முனிராஜ்.

நான் சிரித்தேன். ஆனால் முறையாகக் கம்பியை இறக்கிப் பார்த்து, சூடு இருக்கிறது என்று கம்பெனியில் போய்ச் சொன்னேன். அந்த முறை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒரு லாரி மண் வந்தது, விரிசலை மூடினோம், சூடு அடங்கியது. அப்போது மேலதிகாரி ஒருவர் சொன்னார், "மறுபடி சூடு வந்தா மண்ணு போட்டுப் பிரயோஜனம் இல்லப்பா. மொத்தத்தையும் தோண்டி வெளிய எடுக்கணும்."

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி சூடு வந்தது.

இங்கேதான்... இங்கேதான் நான் சறுக்கினேன். புறங்கையில் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. கம்பெனியில் போய், "குளிர்ந்து கெடக்குதுங்க" என்று சொன்னேன்.

ஏன்? நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. யாராவது என் கையில் ஏதாவது திணித்தார்களா? இல்லை. வேலை போய்விடும் என்று மிரட்டினார்களா? அதுவும் இல்லை. சூடு என்று சொன்னால் தோண்டுவார்கள். முனிராஜின் கொல்லை மறுபடி பிளந்து கிடக்கும். "உள்ளங்கை மாதிரி இருக்கும்னு சொன்னியே அண்ணா" என்று அவன் கேட்பான். கேட்காவிட்டாலும் அவன் முகம் வாடும். அந்த முகவாட்டத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்! அந்த வீட்டில் நல்ல சேதி கொண்டுவருகிறவனாகவே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெதுவெதுப்புதானே, தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் ராகி நன்றாக விளைந்தது. கதிர் அறுத்துப் போர் போட்டாயிற்று. இனிக் களம் அமைக்க வேண்டும். வழக்கமாக அவர்கள் களம் போடுகிற மேட்டில் பனி இறங்கிக் கதிர் நமுத்துப்போகும், வெயில் ஏறும்வரை மாடு கட்ட முடியாது. கெம்பம்மா என்னைக் கேட்டாள்:

"அண்ணா, அந்தச் சூடு தரையில களம் போட்டா என்ன? பனியே நிக்கறதில்ல. காலையிலயே உருளை கட்டிடலாம். நீங்க பாத்துச் சொல்லுங்க, போடறோம்."

மூடிய பள்ளத்தின் மேல் மாடு கட்டிக் கல் உருளை ஓட்டுவதாவது! கூடவே கூடாது என்பது கம்பெனி விதி. அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்தேன். இரண்டு குதி குதித்தேன், கூத்தாடி மாதிரி. "பாறை மாதிரி இருக்குதும்மா. போடுங்க" என்றேன்.

முனிராஜ் கைதட்டினான். "அண்ணனே ஆடி முடிச்சிட்டாரு, இனி மாடு ஆடினா என்ன!"

அவர்கள் தரையை நனைத்து, இறுக்கி, சாணி மெழுகினார்கள். விரிசல் எல்லாம் மறைந்தது. நான் வாரத்துக்கு ஒருமுறை தேடித் தேடி அடைத்த விரிசல்கள்... கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எனக்கு உள்ளூர நிம்மதிகூட வந்தது. நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகினார்கள். அதற்குப் பிறகு களத்தில் செருப்புக்காலோடு ஏறக் கூடாது, இரும்பால் குத்தக் கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். என் கம்பிக்கும் அதுதான் சாக்கு. வழக்கத்தை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கம்பியைச் சைக்கிளிலேயே கட்டிவைத்திருந்தேன்.

உருளை கட்டுகிற காலையில் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது களத்தில் கதிர் பரப்பியாயிற்று. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இருவர் உதவிக்கு வந்திருந்தார்கள். முனிராஜ் மாடுகளை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் அவ்வளவு சந்தோஷமாக என்றும் பார்த்ததில்லை.

களத்தின் ஓரத்தில் சாணி மெழுகாத ஒரு முழத் தரை இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ... கம்பியை அவிழ்த்து அங்கே இறக்கினேன். வெற்றிலை மென்றேன். உருவும்போது அது எதிலோ சிக்கியது. இடது கையால் மேலே பிடித்துக்கொண்டு, வெளியே வந்த கீழ்ப்பகுதியை வலது கையால் பற்றி இழுத்தேன்.

உள்ளங்கை ஒட்டிக்கொண்டது!

கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது அவன் பிழைத்திருப்பான். பல்லைக் கடித்துக் கையைப் பிரித்தெடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். அது வெதுவெதுப்பு அல்ல, அடுப்பு.

"நிறுத்து தம்பி, மாட்டை அவிழ்!" இவ்வளவுதானே சொல்ல வேண்டியது? எட்டி நின்று கையைக் காட்டியிருந்தால்கூடப் போதுமே! ஆனால் அப்படிச் சொன்னால், அன்றைக்கு ஏன் குதித்துக் காட்டினாய் என்ற கேள்வி வரும். கூட ஆட்கள் நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒருநாள் போகட்டும், சாயங்காலம் கம்பெனியில் சொல்லிவிடுகிறேன்... இன்று ஒருநாள் மட்டும்...

மனிதன் எவ்வளவு சின்னக் காரணத்துக்காக இன்னொருவனைச் சாக விடுகிறான்!

"அண்ணா, ஊட்டா ஆகட்டும், வாங்க" என்று கெம்பம்மா சாப்பிட அழைத்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். ஆவி பறக்கும் களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. வலது கையால்தானே சாப்பிட வேண்டும்? கொதிக்கும் களியைத் தொட்டேன். கண்ணில் நீர் கொட்டிற்று.

"காரம் ஜாஸ்தியா அண்ணா?" என்றாள் அவள்.

"இல்லம்மா... நல்லாருக்குது."

களத்திலிருந்து மாட்டை ஓட்டியபடியே முனிராஜ் கத்தினான்: "பாருங்கப்பா, கம்பெனி ஆளுக்கு எங்கூட்டு மொளகா தண்ணி காட்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கெம்பம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவர உள்ளே போனாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பானை உடைகிற மாதிரி ஒரு சத்தம். வலத்து மாட்டின் பின்கால்கள் இரண்டும் தரைக்குள் போயின. பிறகு இடுப்பு. சாம்பல் புகையாக எழும்பியது. மாடு போட்ட கத்தல்... அதை நான் எழுத மாட்டேன்.

இடத்து மாட்டையும் நுகம் உள்ளே இழுத்தது. முனிராஜ் யோசிக்கவே இல்லை. இடுப்பிலிருந்த அரிவாளோடு பாய்ந்து நுகக்கயிற்றை அறுத்தான். ஒரு மாடு தப்பி ஓடியது. அவன் நின்றிருந்த தரை இடிந்து, அவனும் உள்ளே போனான்.

பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வடத்தை வீசி அவனை வெளியே இழுத்தார்கள். நானும் ஓடினேன். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது அவன் மேலே வந்திருந்தான். வடத்தின் வாலைக்கூட நான் தொடவில்லை. கெம்பம்மா வெளியே ஓடிவந்தபோது நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அவள் பார்த்தது அதைத்தான். வெந்த என் கையையும் பார்த்தாள். தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

டெம்போ பிடித்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது.

"அண்ணா... மாடு வெளிய வந்துச்சா?"

"வந்துடுச்சு தம்பி. ரெண்டும் வந்துடுச்சு."

அன்று நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுக்கு மட்டும் எனக்கு வருத்தமில்லை. அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அவன் போய்விட்டான்.

பிறகு கம்பெனி அந்தப் பள்ளத்தை முழுக்கத் தோண்டிக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. இப்போது அது நிஜமாகவே உள்ளங்கை மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள்: "ஆசப்பட்டு, யாரையும் கேக்காம, கம்பெனி மூடின தரையில களம் போட்டான் முனிராஜ். போய்ச் சேந்தான்." ஒரு நல்ல மனிதனின் பெயர் இப்படித்தான் நிற்கிறது. கேட்டான் ஐயா, அவன் வீட்டில் கேட்டார்கள்! என்னைத்தான் கேட்டார்கள்! இதை ஒரு டீக்கடையில்கூட எழுந்து நின்று நான் சொன்னதில்லை.

கெம்பம்மா மிஞ்சிய ஒற்றை மாட்டோடு அஞ்செட்டிப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருமுறை அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டேன். என்னவென்று சொல்வேன்? "நீ எனக்காகப் பொய் சொன்னாயே, நான் செய்தது என்ன தெரியுமா" என்றா?

ஆமாம், அவள் பொய்தான் சொன்னாள். "நாங்களாத்தான் போட்டோம்" என்று. நான் குதித்துக் காட்டியது அவளுக்கு மறக்குமா? என் வேலை போய்விடக் கூடாதென்று அந்தப் பழியைத் தன் புருஷன் தலையில் அவளே வைத்தாள்.

பால் ஊற்றிய அன்று அந்த அதிகாரி என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியாப்பா? அவங்களாவே போட்டதுதானா?" என்றார்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. வாய் பேசியே வாழ்ந்தவன்... ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஜீப் ஏறிப் போனார்.

கெம்பம்மா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெண்ணெய் கொண்டுவந்தாள். "இப்ப எதுக்குடி அதெல்லாம்? சாவு வீட்டுல..." என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி முணுமுணுத்தாள். கெம்பம்மா காதில் வாங்கவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் வெண்ணெய் தடவினாள். குழந்தைக்கு ஊதுவது போல ஊதினாள்.

"அந்தக் கையும் குடுங்கண்ணா" என்றாள்.

நெருப்புக் குழியிலிருந்து ஆளை இழுக்கிறவன் இரண்டு கையாலும்தானே இழுப்பான்? நான் கொடுக்கவில்லை. அவளே எடுத்துப் பிரித்தாள். இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கிண்ணத்தில் மிஞ்சியிருந்த வெண்ணெயை வழித்தெடுத்து, அந்தக் கையிலும் மெதுவாகத் தடவினாள்.